குளத்தங்கரைக்கு வந்த ஆய்வுக்கூடம்

நம் மாவட்டத்தைத் தொட்டு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். சேதுபதி மன்னர்களைப் பற்றியும் ராமலிங்க விலாசத்தைப் பற்றியும் எழுதத் தகுதியானவர்கள் நம் பழைய மாணவர்களில் நிறையப் பேர் உண்டு. நான் விலங்கியல் படித்தவன். ஊர் திருப்பாலைக்குடி. பிழைப்பு நடந்தது இறால் பண்ணைகளில். ஆகவே எனக்குப் பழக்கமான சரித்திரம் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் உடம்புக்குள் வைரஸ் புகுந்திருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்ள மனிதன் எத்தனை நாள் காத்துக் கிடந்தான், அந்த நாட்கள் எப்படி மணிகளாகி, மணிகள் எப்படி நிமிடங்களாயின என்கிற சரித்திரம் அது. அதில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு.

மண்டபத்தில் காத்திருந்தவர்கள்

ராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்கள் 'மண்டபம் முகாம்' என்ற ஸ்டேஷன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் இலங்கைத் தமிழ் அகதிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அந்த இடத்தின் கதை அதற்கும் முந்தியது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்கள் மண்டபத்தில் நிறுத்தப்பட்டார்கள். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது அன்றைய இலங்கை அரசாங்கம். பெரியம்மையும் காலராவும் தோட்டத்துக்குள் போய்விடக்கூடாது என்பது அவர்கள் கவலை. வந்தவர்களுக்கு அம்மை குத்தி, நாட்கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏற்றினார்கள்.

ஏன் நாட்கணக்கில் வைத்தார்கள்? யாருக்குள்ளே நோய் இருக்கிறது என்று காட்ட வேறு வழி கிடையாது. நூறு பேரில் ஒருவனுக்குத் தொற்று இருந்தால், அது வெளியே தெரிகிற வரைக்கும் மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் சேர்ந்து காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் அன்றைய பரிசோதனை. காலம்தான் கருவி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த கருவி எதுவானாலும், அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் வந்தது.

வேலூருக்குப் போன ரத்தம்

வைரஸை நேரே பிடிப்பது சுலபமல்ல. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது தெரியாது. எனவே விஞ்ஞானிகள் அதன் அடையாளத்தைத் தேடினார்கள். மூன்று அடையாளங்கள். ஒன்று, வைரஸை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள். இரண்டு, வைரஸின் மேலுறையில் உள்ள புரதம். மூன்று, வைரஸின் மரபுப்பொருள்.

1971-ல் ஸ்டாக்ஹோமில் எவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் இருவரும் எலிசா என்ற முறையை வெளியிட்டார்கள். எதிர்ப்பொருளோடு ஒரு என்சைமைக் கோர்த்துவிட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது அது. முறை எளிதுதான். ஆனால் அதற்கு வேண்டிய சாதனமும் பயிற்சி பெற்ற ஆளும் எல்லா ஊரிலும் கிடையாது.

எவ்வளவு கிடையாது என்பதற்கு நம் மாநிலத்தின் பிரபலமான சம்பவமே சாட்சி. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற ஆராய்ச்சி மாணவி எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க ரத்த மாதிரிகள் சேகரித்தார். அதைச் சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கொடுத்தார். ஆறு மாதிரிகளில் நிறம் மாறியது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரியவந்தது அப்படித்தான். தலைநகரத்து மருத்துவக் கல்லூரிக்கே ராத்திரி ரயில் தேவைப்பட்டது என்றால், திருப்பாலைக்குடி எந்த மூலைக்கு?

இறாலுக்கு வந்த அம்மை

1990-களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரை முழுக்க இறால் பண்ணை வந்தது. நம் பக்கத்திலும் உப்பளத்தை ஒட்டிய தரிசு நிலங்களில் பொக்லைன் இறங்கிக் குளம் வெட்டியது. விலங்கியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த எங்கள் செட்டில் ஐந்தாறு பேருக்கு 'டெக்னீஷியன்' வேலை கிடைத்தது. விளைநிலமும் குடிநீரும் உப்பாகின்றன என்று காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்சநீதிமன்றம் கடுமையான தீர்ப்புச் சொன்னது. அந்த விவகாரம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நான் சொல்ல வந்தது, அந்தத் தீர்ப்புக்கு முன்னாலேயே குளங்களைக் காலி செய்யத் தொடங்கிவிட்ட வேறொரு விருந்தாளியைப் பற்றி.

வெள்ளைப்புள்ளி நோய். பண்ணையில் எல்லாரும் 'வைட் ஸ்பாட்' என்பார்கள். 1992 வாக்கில் கிழக்காசியாவில் தலைகாட்டிய இந்த வைரஸ், 1994-ல் இந்தியக் குளங்களுக்கு வந்து சேர்ந்தது. முதலில் இறால் தீனி எடுக்காது. செக் டிரேயில் போட்ட தீவனம் போட்டபடி கிடக்கும். பிறகு கரையோரம் வந்து ஒதுங்கும். தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் உட்பக்கம் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அதற்குப் பிறகு மூன்றிலிருந்து பத்து நாளைக்குள் குளம் முழுக்கச் செத்து மிதக்கும். மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது. (மனிதனுக்கு இந்த வைரஸால் ஒன்றும் ஆகாது, சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம்.)

மருந்தில்லாத நோய்க்குப் பரிசோதனை எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம். குஞ்சு விடுவதற்கு முன்னால் தெரிந்தால், அந்தக் குஞ்சை வாங்காமல் இருக்கலாம். ஒரு குளத்தில் வந்தவுடனே தெரிந்தால், மடையை அடைத்து அடுத்த குளத்தைக் காப்பாற்றலாம். புள்ளி கண்ணுக்குத் தெரிந்த பிறகு தெரிந்துகொள்வதற்கு எந்த விஞ்ஞானமும் வேண்டாம். காக்காய்க்கும் நாரைக்கும் நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அந்த நாளில் நாங்கள் சந்தேகப்பட்ட இறாலை ஐஸ் பெட்டியில் போட்டு, மீட்டர் கேஜ் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கொடுத்தனுப்புவோம். ரிசல்ட் வருவதற்குள் குளத்தில் சோதிக்க இறாலே இருக்காது. எங்கள் பண்ணைக்குப் பக்கத்துக் குளம் ஊர்ப் பெரியவர் ஒருவருடையது. எல்லாரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டு நகையை அடகு வைத்துப் போட்ட பணம். ஒருநாள் அவர் கேட்டார்: "தம்பி, நீ படிச்ச புள்ள. அந்தக் குஞ்சு வாங்கும்போதே இதைப் பாத்துச் சொல்ல ஒரு மெசின் கெடையாதா?"

"மெசின் இருக்கு காக்கா. ஆனா அது நம்ம ஊருக்கு வராது" என்றேன். அன்றைய நிலவரம் அதுதான்.

கையில் இருந்த கருவி, கையில் இல்லாத கருவி

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே குளத்தங்கரையில் என் கையில் ஒரு நேர்த்தியான உணர்கருவி இருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் டி.ஓ. மீட்டர். விடியற்காலை அதைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துத்தான் ஏரேட்டர் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். அதன் முனையில் இருக்கும் மின்முனையை 1956-ல் உலகத்துக்குச் சொன்னவர் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவரே 1962-ல் அந்த மின்முனையின் மேல் குளுக்கோஸைச் சிதைக்கும் ஒரு என்சைமைப் பூசினால், ஆக்சிஜன் குறைகிற அளவைக் கொண்டு ரத்தச் சர்க்கரையை அளக்கலாம் என்று காட்டினார். உலகத்தின் முதல் பயோசென்சார் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான். உயிரிப்பொருள் ஒன்று அடையாளம் காணும். மின்முனை அதை எண்ணாக மாற்றிச் சொல்லும். இவ்வளவுதான் தத்துவம். 1987-ல் பேனா அளவுக்குச் சர்க்கரை மீட்டர் கடைக்கு வந்தது. இன்று நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கிற குளுக்கோமீட்டர் அதன் பேரப்பிள்ளை.

சர்க்கரைக்கு முடிந்தது வைரஸுக்கு ஏன் முடியவில்லை? சர்க்கரை ரத்தத்தில் அளவில்லாமல் கலந்திருக்கிறது. என்சைமோடு வேதிவினை செய்கிறது. வைரஸ் அப்படி ஒன்றும் செய்யாது. சும்மா இருக்கும், தொற்றின் ஆரம்பத்தில் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். எனவே இரண்டு வழி. ஒன்று, அந்த வைரஸை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பட்டையில் ஒட்டி வைப்பது. ஓடையின் குறுக்கே வலை கட்டுகிற மாதிரி. மாதிரித் துளி பட்டையில் ஊறி ஓடும்போது, நுண்ணிய தங்கத் துகள் கோர்த்த எதிர்ப்பொருள் வைரஸைப் பற்றிக்கொள்ளும். வலை கட்டிய இடத்தில் இரண்டும் சிக்கிச் சிவப்புக் கோடு விழும். கர்ப்பம் பார்க்கும் பட்டையும் இதே வேலைதான் செய்கிறது. இரண்டாவது வழி, இருக்கிற கொஞ்சம் மரபுப்பொருளைக் கோடிக்கணக்கில் பெருக்கிவிட்டுப் பார்ப்பது. 1983-ல் கேரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறை அது. 1993-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதல் வழி கைக்கு அடக்கம், ஆனால் கொஞ்சமாக இருக்கும் வைரஸைத் தவறவிடும். இரண்டாவது வழி கூர்மை, ஆனால் ஆய்வுக்கூடம் வேண்டும். கடந்த முப்பது ஆண்டுச் சரித்திரம் முழுக்க இந்த இரண்டையும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு வந்த முயற்சிதான்.

நம்மவர்கள் செய்தது

இறாலுக்கு இதைச் செய்தவர்களில் நம் பக்கத்து ஆட்கள் முன்வரிசையில் நின்றார்கள். மங்களூர் மீன்வளக் கல்லூரியில் இந்திராணி கருணாசாகர், இத்யா கருணாசாகர் தம்பதியர் வெள்ளைப்புள்ளி வைரஸைப் பி.சி.ஆர். மூலம் கண்டுபிடித்து, குளத்து இறாலில் மட்டுமல்லாமல் கடலில் பிடிபடும் இறால், நண்டு இனங்களிலும் அது இருப்பதைக் காட்டிய ஆய்வுகளில் பங்கெடுத்தார்கள். அதே கல்லூரியில் கே.எம். சங்கர் குழு, குளத்தங்கரையிலேயே செய்யக்கூடிய எதிர்ப்பொருள் புள்ளிச் சோதனையை உருவாக்கியது. 1987-ல் சென்னையில் தொடங்கப்பட்ட உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான 'சிபா' ஒரு பி.சி.ஆர். கிட் தயாரித்து, அதன் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது.

நான் குறிப்பாகப் பெருமைப்படுவது இன்னொருவரைப் பற்றி. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி நம் கல்லூரியைப் போன்ற ஒரு கலை அறிவியல் கல்லூரிதான். அங்கே விலங்கியல் துறையில் ஏ.எஸ். சாகுல் ஹமீதும் அவர் மாணவர்களும் 1998-லேயே இந்த வைரஸை எதிர்ப்பொருள் கொண்டு கண்டறியும் முறை பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எந்தெந்த நண்டு, எந்தெந்த இறால் இந்த வைரஸை வாங்கிக்கொள்ளும் என்றும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெரிய நகரமும் பெரிய நிறுவனமும் இருந்தால்தான் ஆராய்ச்சி நடக்கும் என்று நினைக்கும் இளைய மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பக்கத்திலேயே இன்னொரு இடம் இருக்கிறது. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். கிளார்க்கின் மின்முனை எந்தச் சாஸ்திரத்தில் பிறந்ததோ, அந்தச் சாஸ்திரத்துக்கென்றே கட்டிய நிலையம் திருப்பாலைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாக எட்டிவிடும் தூரம்தான்.

2009-ல் வெளிநாட்டு வெள்ளை இறாலான வனாமிக்கு அரசு அனுமதி கொடுத்தபோது, ஒரு பழைய பாடத்தை மறக்கவில்லை. இறக்குமதியாகும் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, வைரஸ் சோதனை செய்த பிறகே ஹேச்சரிகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். மண்டபம் முகாமில் மனிதர்களுக்கு நடந்தது நீலாங்கரையில் இறாலுக்கு நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே காலம் மட்டும் கருவியாக இருந்தது. இங்கே காலத்தோடு கருவியும் இருக்கிறது.

கொரோனா காலம்

மனிதர்களுக்கான கருவியும் இதற்கிடையே சிறுத்துக்கொண்டே வந்தது. பெங்களூரு பிக்டெக் ஆய்வுக்கூடமும் கோவாவின் மோல்பயோ நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த 'ட்ரூநாட்' கருவி பாட்டரியில் ஓடும். மேஜை மேல் வைத்து, ஒரு சிறு சில்லில் பி.சி.ஆர். செய்து, சுமார் ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லும். காசநோய்க்கென்று வந்த அந்தக் கருவி, 2020 ஏப்ரலில் கொரோனா சோதனைக்கும் அனுமதி பெற்றது. பிறகு நிபா வைரஸுக்கும் அதில் சோதனை உருவாயிற்று. அதே 2020-ல் டில்லி மரபணுவியல் நிறுவனத்தில் தேபஜோதி சக்கரவர்த்தி, சௌவிக் மைத்தி குழுவினர், மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் முறையைக் காகிதப் பட்டையோடு சேர்த்து ஒரு சோதனை செய்தார்கள். சத்யஜித் ராயின் துப்பறியும் கதாபாத்திரத்தின் பெயரை வைத்து அதற்கு 'ஃபெலூடா' என்று பெயர்.

பதினைந்து இருபது நிமிடத்தில் கோடு காட்டும் ஆன்டிஜன் பட்டை நம் தெருவுக்கே வந்தது. ஆனால் 2020 ஜூனில் அதற்கு அனுமதி கொடுத்தபோதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபந்தனை வைத்தது. கோடு விழுந்தால் தொற்று உறுதி. கோடு விழாமல், ஆனால் காய்ச்சல் இருமல் இருந்தால், மறுபடி ஆர்.டி.பி.சி.ஆர். செய்ய வேண்டும். வலைக் கண் பெரிதாக இருந்தால் சின்ன மீன் தப்பிவிடும் அல்லவா? கைக்கு அடக்கமான எந்தக் கருவியை வாங்கினாலும் இந்தக் கணக்கை மறக்கக்கூடாது. இறால் பண்ணைக்கும் இதே கணக்குதான். செத்துக்கொண்டிருக்கும் இறாலில் வைரஸ் ஏராளம். பட்டை காட்டிக் கொடுத்துவிடும். பார்வைக்குத் திடமாக இருக்கும் குஞ்சில் வைரஸ் கொஞ்சம், அதற்குப் பி.சி.ஆர்.தான் வேண்டும். அதுவும் இரண்டு குஞ்சை எடுத்துப் பார்த்தால் போதாது. தொட்டியின் பல இடத்திலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசி நூறு அடி

இத்தனையும் சொன்ன பிறகு, என் அனுபவத்தில் முக்கியமென்று படுகிற ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

1990-களில் எங்கள் பக்கத்தில் ஒரு பண்ணையில் நோய் வந்தது. பெயர் வேண்டாம். உரிமையாளருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரி விலையைக் குறைப்பான், கடன் கொடுத்தவன் வாசலில் நிற்பான். ராத்திரியோடு ராத்திரியாக இறாலைப் பிடித்து வண்டி ஏற்றிவிட்டு, மடையைத் திறந்து தண்ணீரைப் பொது ஓடையில் விட்டுவிட்டார். மறுநாள் காலை அதே ஓடையிலிருந்து மற்றவர்கள் தண்ணீர் இறைத்தார்கள். காக்காவின் குளம் அந்த வாரமே போயிற்று. நகை திரும்பவே இல்லை. அங்கே தாமதமானது ரிசல்ட் அல்ல. பதில் தெரிந்தே இருந்தது. நூறு அடி தள்ளி இருந்த அடுத்த குளத்துக்கு அது போய்ச் சேரவில்லை.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2002 வாக்கில் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம் மொகல்தூரில், கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும் ஆசிய பசிபிக் மீன்வளர்ப்பு மையமும் சேர்ந்து சிறு விவசாயிகளைக் குழுவாக்கினார்கள். ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள் ஒரே குழு. சேர்ந்து ஹேச்சரியோடு பேசி, சோதித்த குஞ்சை வாங்கி, ஒரே சமயத்தில் விடுவது. ஒரு குளத்தில் நோய் வந்தால் உடனே மற்றவர்களிடம் சொல்லிவிடுவது. தண்ணீரை மருந்தடிக்காமல் வெளியே விடுவதில்லை. 'அக்வா கிளப்' என்று பெயர். நோய் குறைந்தது, விளைச்சல் கூடியது. அந்த வழியைப் பரப்பத்தான் 2007-ல் தேசிய அளவில் தனி அமைப்பே ஏற்பட்டது. அவர்கள் கையில் இருந்த சோதனை எங்களுக்கும் தெரிந்த சோதனைதான். பதிலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் பத்து வருஷத்தில் வைரஸ் பார்க்கும் கருவி சர்க்கரை மீட்டர் அளவுக்கு மலிந்துவிடலாம். அதைச் செய்யும் பிள்ளை நம் கல்லூரி வேதியியல் துறையிலிருந்தோ விலங்கியல் துறையிலிருந்தோ போனால் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் கோடு விழுந்ததைப் பார்த்தவன் வாயைத் திறந்து "அண்ணே, என் குளத்தில் வந்துடுச்சு, உன் மடையை அடைச்சுக்க" என்று பக்கத்துக் குளத்துக்காரனிடம் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவனைக் கடன்காரனும் வியாபாரியும் ஊரும் தண்டிக்காமல் இருக்க வேண்டும். எச்.ஐ.வி. காலத்திலும் கொரோனா காலத்திலும் தெருவில் பார்த்தோமே, சொன்னவர்கள் பட்ட பாட்டை!

மாவட்டத்தில் நம் பழைய மாணவர்கள் வங்கியில் இருக்கிறார்கள், மீன்வளத் துறையில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடங்களில் இருக்கிறார்கள், பண்ணை வைத்தும் இருக்கிறார்கள். நோயை மறைக்காமல் சொன்ன பண்ணைக்காரருக்குக் கடன் தவணையை ஒரு பருவம் தள்ளிப்போட முடியுமா, ஓடைக்கு ஒரு குழு அமைக்க முடியுமா என்று இந்தச் சந்திப்பிலேயே உட்கார்ந்து பேசலாம். கருவி செய்கிறவர்கள் தங்கள் பங்கை வேகமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். இந்தப் பங்கு நம்முடையது.